ஹக்கா, சதக்காவா?

"டில்லியை யார் ஆண்டால் நமக்கென்ன? வாக்களித்துக் கண்ட பயன் யாது?" என்று நம் ஊர்களில் படித்தவர்களே கேட்கத் தொடங்கிவிட்டனர். இந்தச் சலிப்புக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவோரும் உளர். சலிப்புக்குக் காரணம் உண்டு; அதனை நாம் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் காணும் முடிவையே மறுக்கின்றோம்.

காரணத்தைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கரை கடந்த பொருநை ஏரல் கடைத்தெருவை மூழ்கடித்தது. ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலையை அரித்துச் சென்றது. ஊர் தீவாயிற்று. மீனவர் படகு கொணர்ந்தனர். விமானப்படை உணவுப் பொட்டலங்களை இட்டது. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம்.

வெள்ளம் வடிந்த பின் எழுந்ததோ வாதப் பிரதிவாதம். தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்றது சென்னை. அவ்வாறு அறிவிக்கும் முறையே இல்லை என்றார் ஒன்றிய நிதியமைச்சர். மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்திற்குமாக மாநிலம் கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். கேட்டுக் கேட்டு அலுத்து, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றப் படியேறியது. ஏப்ரல் 19இல் நாம் வாக்களித்தோம். அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது 276 கோடி. நூறு ரூபாய் கேட்டவனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை!

900 கோடியை முன்னரே தந்துவிட்டோம் என்பது டில்லியின் விடை. அது ஆண்டுதோறும் மாநிலப் பேரிடர் நிதிக்கு வரவேண்டிய பங்கு. வெள்ளம் வராவிடினும் வரவேண்டியது. மாநிலம் கேட்ட தொகை மிகை என்பாரும் உளர். மிகையெனில் எவ்வளவு மிகை என்று கணக்கிட்டு உடனே உரைத்திருக்கலாமன்றோ? நமக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தது. அதனைக் கடுமையான பேரிடர் என ஒப்புக்கொள்ள டில்லிக்கு டிசம்பர் வரை ஆயிற்று.

நோயின் வேர் எங்கே? ஜக்காத்துக்கு அளவு உண்டு: நூற்றுக்கு இரண்டரை. காலமும் உண்டு: ஓராண்டு. ஆகவேதான் அது ஏழையின் ஹக்கு. சதக்காவுக்கு அளவுமில்லை, கெடுவுமில்லை. அது கொடுப்பவனின் மனம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய நிதியை ஏற்படுத்தியது. ஆனால் இத்தனை நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. நம் வரிப்பணம் ஹக்காகச் சென்று, சதக்காவாகத் திரும்புகின்றது. குடிமகன் இரவலனாகின்றான். கையறு நிலை என்று நாம் உணர்வது இதனைத்தான்.

39 தொகுதிகளையும் ஒரே அணிக்குத் தந்தும் 543 பேர் அவையில் நம் குரல் எடுபடவில்லையே என்பர். உண்மை. எண்ணிக்கையால் வெல்ல முடியாதவனுக்கு விதியே துணை. வலியவனுக்கு விதி வேண்டாம். மேலிடத்தில் ஒரு சொல் போதும். எனவே வாக்குச்சாவடியைத் துறப்பது, எஞ்சிய ஒரே பிடியையும் கைவிடுவதாகும். ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவது தவக்குல் ஆகாது என்பதை நம் மதரஸாப் பிள்ளையும் அறிவான்.

எக்கட்சியினர் வாயிலில் வந்து நின்றாலும் கேளுங்கள்: "நிவாரணத்துக்கு அளவும் கெடுவும் வைத்துச் சட்டத்தைத் திருத்த அவையில் எழுவீரா?" சென்னையில் ஆள்வோரையும் விடாதீர்கள், குளங்களைத் தூர்வாரிக் கரைகளைக் காப்பது அவர்கள் கடன். ஹக்கைக் கேட்பவன் கை தாழ வேண்டியதில்லை.