பறிபோன மைதானத்தை மீட்ட ரசிகர் பத்திரிகை!

சொந்த மைதானத்தை விட்டு டீம் கிளம்பினால் ரசிகன் என்ன செய்வான்? ரெண்டு நாள் திட்டுவான், அப்புறம் மறந்துவிடுவான். லண்டன் சார்ல்டன் கால்பந்து ரசிகர்கள் அப்படி விடவில்லை.

பாதுகாப்பு பிரச்சினை, இடத் தகராறு என்று சொல்லி 1985-ல் 'வேலி' மைதானத்தை காலி செய்தது சார்ல்டன் கிளப். கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம்!

கிளப் விற்கும் புத்தகத்தில் கிளப்பையே கேள்வி கேட்க முடியுமா? 1988-ல் ரசிகர்களே 'வாய்ஸ் ஆப் தி வேலி' பத்திரிகையை தொடங்கினர். ஒரே கோரிக்கை: 'வீடு திரும்பணும்'.

மைதானத்தை புதுப்பிக்கும் திட்டத்தை 1990-ல் கிரீனிச் கவுன்சில் நிராகரித்தது. கொதித்த ரசிகர்கள் 'வேலி கட்சி' தொடங்கி தேர்தலில் குதித்தனர். ஒரு சீட் கூட கிடைக்கவில்லை. ஆனால் விழுந்த ஓட்டு 14,838! அதன்பிறகு கவுன்சில் இறங்கி வந்தது.

1992 டிசம்பர் 5-ந்தேதி சொந்த மண்ணில் சார்ல்டன். போர்ட்ஸ்மவுத்தை 1-0 என்று வீழ்த்தியது.

இன்று எல்லா ரசிகனும் செல்போனில் திட்டுகிறான். அடுத்த நிமிஷமே அது காணாமல் போகிறது. அன்று ஒரே கோரிக்கையை இதழுக்கு இதழ் அச்சடித்தார்கள். கூட்டம் சேர்ந்தது, ஓட்டாக மாறியது. கோபம் எல்லோருக்கும் வரும். அதை விடாமல் பிடித்து வைத்தவன்தான் ஜெயித்தான்.