ஊரும் பேரும்

மதுவைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். 1937-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கைப் போற்றுகிறவர்களே நாமும். ஆகையால் அச்சம் வேண்டாம். மதுவை விட்டுவிட்டு, அதை விற்கிறவனிடம் உள்ள நற்குணம் ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் அந்தினோரி என்றொரு குடும்பம் இருக்கிறது. 1385-ஆம் ஆண்டில் அக்குடும்பத்து முன்னோர் ஒருவர் மது வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். இருபத்தாறு தலைமுறைகள் ஆகியும் தொழில் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய பேர் பெற்ற செந்நிற மதுவுக்குத் 'தினியானெல்லோ' என்று பெயர். பழம் விளையும் தோட்டத்தின் பெயரே அது. கருந்திராட்சையின் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறமில்லை. தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதனாலேயே சிவப்பு ஏறுகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாயில் பல மாதம் உறங்குகிறது. புட்டியில் தோட்டம், குடும்பம், அறுவடை ஆண்டு மூன்றும் பொறித்திருக்கும்.

இவ்வழக்கம் ரோமாபுரிக் காலத்தது. கி.மு. 121-ஆம் ஆண்டு விளைந்த மதுவை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே ஆண்டைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். சாடிகளின் மீது உரிமையாளர் குடும்பத்தின் முத்திரையைப் பதிப்பதும் உண்டு. யவன தேசத்து மது நம் நாட்டுக்கும் வந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனுக்கு அதைக் குறித்துப் பாடுகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

தஞ்சைத் தரணியில் திராட்சைக்கு இடமில்லை. தண்ணீர் தேங்கும் களிமண்ணை அக்கொடி விரும்பாது. நெல்லோ அதில்தான் செழிக்கும். ஆனால் பண்டத்துக்கு அடையாளமிடுவது நமக்குப் புதிதா? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் பண்டங்களின் மேல் சோழரின் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்டின் அருமையும் நம் இல்லத்தரசிகள் அறியாததன்று. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வேகும், தண்ணீரும் கூடுதலாக வாங்கும். பத்தாயத்தில் நெல்லைப் பழையதாக்கி வைத்தவர்கள் காரணமின்றியா வைத்தார்கள்?

இன்று நிலைமை என்ன? தலைமுறை தலைமுறையாக ஒரே வயலை உழுதவன் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டு போகிறான். அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே பெயர். மூட்டை தைத்தவுடன் ஊரும் போயிற்று; உழுதவன் பேரும் போயிற்று. பேர் போன பொருளுக்கு விலை எப்படி உயரும்? பிள்ளை பட்டணத்துக்குப் போகாமல் என் செய்வான்?

வழி இல்லாமலில்லை. திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயர் மீண்டும் கடை வரை வந்தது. 2025-இல் கும்பகோணம் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலைக்குக் கிடைத்த மரியாதை சோற்றுக்கும் கிடைக்க வேண்டாமா?

அதற்குச் சர்க்காரை மட்டும் நம்பியிருப்பானேன்? அடுத்த முறை அரிசி வாங்கும்போது, விலையைக் கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர், என்ன நெல், எந்த ஆண்டு விளைந்தது? கடைக்காரர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் மூட்டையின் மேலேயே எழுதி வைப்பார்.