பொது முற்றம் யாருடையது?

செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். விளையாட்டுத்தான், ஆனால் அது ஆடப்படும் களம் நம் தெருவும் நம் முற்றமும். ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

'போகிமான் கோ' என்ற இந்த விளையாட்டை அமெரிக்காவின் நியான்டிக் கம்பெனி 2016 ஜூலையில் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் கைகோத்து இந்தியாவுக்குள் நுழைந்தது. ஆடுகிறவர் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். செல்போனில் தெரியும் ஊர்ப் படத்தில் சிலை, பூங்கா, நூலகம், கோயில் என்று உண்மையான இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் அருகே போனால் ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கும்.

இந்த இடங்களைக் குறித்தவர்கள் யார்? கம்பெனியின் சம்பளக்காரர்களா? பெரும்பாலும் இல்லை. ஆடுகிறவர்களே படம் பிடித்து, விவரம் எழுதி, மனுப் போடுகிறார்கள். 2019இல் வந்த 'வேஃபேரர்' என்ற ஏற்பாட்டின்படி, வேறு ஆட்டக்காரர்கள் அந்த மனுவைப் பரிசீலித்து அங்கீகரிக்கிறார்கள். இதற்குக் கூலி ஒரு காசும் கிடையாது. இப்படிப் பலருடைய இனாம் உழைப்பில் வளர்ந்த தன் விளையாட்டுத் தொழிலை நியான்டிக் 2025இல் ஸ்கோப்லி என்ற கம்பெனிக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. உழைத்தவன் ஒருவன், விற்றுப் பணம் பார்த்தவன் வேறொருவன்! மில்லில் வேலை செய்யும் தோழருக்கு இது புதுக்கதையா?

இனி, இடங்களை அங்கீகரிக்க நியான்டிக் வகுத்த விதியைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் தனித்து வாழும் சொந்த வீட்டையோ அதன் தோட்டத்தையோ படத்தில் சேர்க்கக் கூடாது. பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பில் உள்ள பொதுத் திடலையும் மண்டபத்தையும் சுவரோவியத்தையும் சேர்க்கலாம்.

அந்நியர் கூட்டம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் 2016இலேயே வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் சமரசம் ஏற்பட்டது. தனி வீட்டின் சொந்தக்காரர் புகார் செய்தால், அவர் வீட்டிலோ 40 மீட்டருக்குள்ளோ உள்ள குறியை நீக்குவதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டது. மற்றவர்களும் புகார் செய்யலாம். ஆனால் 40 மீட்டர் என்ற உறுதியான பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

அதாவது, தனி வீட்டுக்காரன் 'வேண்டாம்' என்றால் நீக்கியாக வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டி நூறு குடும்பங்கள் வாழும் இடத்திலோ, வெளியார் ஓட்டுப் போட்டால் போதும். அங்கே குடியிருப்பவனை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை!

சென்னை கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். அத்தகைய ஓவியம் விதிப்படி தகுதி பெறக்கூடியதே. ஆனால் அந்தச் சுவருக்குக் கீழேதான் பெண்கள் குடம் வைத்துத் தண்ணீருக்கு நிற்கிறார்கள், பிள்ளைகள் ஆடுகிறார்கள். நம் குன்னம் வட்டாரத்துக் காலனிகளிலும் அப்படித்தானே? பருத்தி எடுத்து, மக்காச்சோளம் அறுத்துக் களைத்து வந்தவர்களுக்குப் பொது முற்றமே திண்ணை, அதுவே படுக்கை. இரவில் அங்கே முன்பின் தெரியாதவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? காலனிப் பையன் ஒருவன் இதே விளையாட்டுக்காக ஊர்த் தெருவில் இருட்டில் நின்றால், அவனை விளையாட வந்தவன் என்று எத்தனை பேர் நம்புவார்கள்?

விளையாட்டை ஒழிக்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். நம் வாசகசாலையும் தியாகிகள் நினைவுத் தூணும் உலகப் படத்தில் ஏறினால் நமக்குப் பெருமைதான். ஆனால் பொது இடம் என்றால் கேட்பாரற்ற இடம் என்று பொருளல்ல. அது அங்கே வாழ்கிறவர்கள் அனைவருக்கும் சொந்தமான இடம். தனிச் சொத்துக்கு உள்ள மரியாதை பொதுச் சொத்துக்கும் வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. குடியிருப்போர் சம்மதமின்றி எந்தக் குடியிருப்பின் பொது இடத்தையும் அங்கீகரிக்கக் கூடாது. அவர்கள் வேண்டாமென்றால், தனி வீட்டுக்காரனுக்குச் செய்வது போலவே குறியை நீக்க வேண்டும்.

கம்பெனி கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடும் இளைஞர்களே, மனுப் போடுமுன் அந்தத் தெருவில் கூடியிருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அங்கே இதை எழுப்புங்கள். எது படத்தில் ஏறலாம், எது கூடாது என்பதை அங்கே வாழும் மக்களே முடிவு செய்யட்டும்!