பேக்கப் டிரைவ் திடீர்னு 'அனுமதி இல்லை'ன்னு சொல்லுதா? விண்டோஸ் 11-ல் மாறியது என்ன, நீங்கள் செய்யக்கூடாதது என்ன?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டி ஏராளமான கடைகளும் சின்ன ஆபீஸ்களும் விண்டோஸ் 11-க்கு மாறின. மாறிய பிறகு டேலி ஓடுகிறது, பிரிண்டர் ஓடுகிறது, பில்லிங் ஓடுகிறது. ஆனால் பல இடங்களில் ஒன்று மட்டும் நின்றுபோனது. ராத்திரி தானாக நடக்க வேண்டிய பேக்கப்.

அதுவும் சத்தம் போடாமல் நிற்கும். பிரிண்டர் நின்றால் பத்து நிமிஷத்தில் யாராவது கத்துவார்கள். பேக்கப் நின்றால் ஹார்ட் டிஸ்க் போகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இங்கதான் சிக்கலே.

சரி, என்னதான் நடக்கிறது?

எந்த டிரைவைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆபீஸில் ஒரு மூலையில் வைஃபை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வைத்திருக்கும் சின்னப் பெட்டிக்கு 'நாஸ்' என்று பெயர். உள்ளே இரண்டு, நான்கு ஹார்ட் டிஸ்க் இருக்கும். எல்லா கம்ப்யூட்டரும் அதில் ஃபைல்களைக் கொண்டுபோய் வைக்கும். சில இடங்களில் நாஸ்கூட இருக்காது. ரவுட்டரின் பின்னால் ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதையே எல்லாரும் பயன்படுத்துவார்கள். ஃபோட்டோ ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக் என்று பல இடங்களில் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரும் இந்தப் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் எஸ்எம்பி. 1980-களில் பிறந்த மொழி இது. அதன் பழைய வடிவங்களில் நம்பிக்கை அதிகம், சந்தேகம் குறைவு. பெயர், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் 'விருந்தாளி'யாக உள்ளே வர விடும் வழக்கம் அப்படி வந்ததுதான். பெட்டியை வாங்கி மாட்டிக் கொடுத்தவர்கள் பலரும் அந்த விருந்தாளி வழியைத்தான் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். வேலை சுலபம், போன் வராது.

மாறியது என்ன?

2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, போய்வரும் ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பு கிடையாது. இரண்டு, ப்ரோ பதிப்பில் விருந்தாளி நுழைவு நிறுத்தப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பில் இந்த இரண்டாவது தடை 2017-லேயே வந்துவிட்டது. இப்போது அதே பூட்டு சின்ன ஆபீஸ்களின் வாசலுக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மாற்றமும் ஒன்றோடொன்று பின்னியவை. கையெழுத்துப் போட ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவி பயனரின் பாஸ்வேர்டை வைத்து உருவாகிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டே கிடையாதே? அப்போ சாவியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நேற்றுவரை திறந்த கதவு இன்று மூடியிருப்பது இதனால்தான். டிரைவ் கெட்டுப் போகவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும்.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு?

2017 மே 12-ஆம் தேதி வானாகிரை என்ற மால்வேர் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது. அது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியது இதே எஸ்எம்பி-யின் முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அரசு மருத்துவ அறக்கட்டளைகள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

கவனிக்க வேண்டியது என்னன்னா, ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அந்த நிறுவனத்தில் எஸ்எம்பி-யைக் கவனித்துவந்த நெட் பைல், பழைய முதல் வடிவத்தை நிறுத்துங்கள் என்று 2016-லேயே எழுதினார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சொல்லிப் பார்த்து, கேட்காததால் பூட்டிவிட்டார்கள் என்றுதான் இந்த மாற்றத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

யூடியூபில் கிடைக்கும் 30 விநாடித் தீர்வு

இந்தப் பிரச்னையைத் தேடினால் முதலில் வந்து விழும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் சொல்லும்: ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி விருந்தாளி நுழைவை மறுபடி திற, கையெழுத்துக் கட்டாயத்தை அணை. சில வீடியோக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எஸ்எம்பி-யின் அந்த முதல் வடிவத்தையே திரும்ப நிறுவச் சொல்கின்றன. வேலை செய்யுமா? செய்யும். டிரைவ் உடனே திறந்துவிடும். 'சூப்பர் ப்ரோ' என்று கமெண்டும் வரும்.

ஆனால் பேக்கப்புக்கு இதைவிட மோசமான தீர்வு இல்லை. சினிமா வைத்திருக்கும் ஃபோல்டர் திறந்து கிடந்தால் போனால் போகிறது. பேக்கப் ஃபோல்டர் அப்படியல்ல. பாஸ்வேர்டு இல்லாமல் எழுத முடிகிற இடம் என்றால், அந்த வைஃபையில் இருக்கும் எந்த கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்தாலும் அது பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரிஜினலும் போச்சு, நகலும் போச்சு. பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பேக்கப்பைத் தேடி அழிப்பது இதற்காகத்தான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மால்வேர் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளையே நேரடியாகத் தாக்கி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. இன்டர்நெட்டுக்குத் திறந்துவைத்த பெட்டிகள்தான் அதில் மாட்டின.

அப்போ சரியான வழி என்ன?

பெட்டியின் பக்கம்தான் வேலை. நாஸின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், பேக்கப்புக்கென்றே ஒரு தனிப் பயனரை உருவாக்குங்கள். நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். பேக்கப் ஃபோல்டரில் எழுதும் உரிமையை அந்தப் பயனருக்கு மட்டும் கொடுங்கள். பெட்டியின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து, எஸ்எம்பி 2 அல்லது 3 இயங்குகிறதா, கையெழுத்து வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் பேக்கப் சாஃப்ட்வேருக்குள் மட்டும் கொடுங்கள்.

'மட்டும்' என்பது முக்கியம். பலரும் அதே பாஸ்வேர்டை வைத்து 'இசட் டிரைவ்' என்று கம்ப்யூட்டரில் நிரந்தரமாக மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினால் நீங்கள் திறக்கக்கூடிய எதையும் உங்கள் பெயரில் ஓடும் மால்வேரும் திறக்கும். தனிப் பயனரை உருவாக்கியதே வீண்.

இசட் டிரைவால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது லாகின் செய்தவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் டிரைவ். ராத்திரி 2 மணிக்கு சிஸ்டத்தின் பெயரில் ஓடும் பேக்கப்புக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. பகலில் கையால் ஓட்டினால் ஓடும், ராத்திரி ஓடாது. காரணம் புரியாமல் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வைக்கும் கோளாறு இது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக \\192.168.1.20\பேக்கப் என்ற மாதிரி முழு முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு இந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கியும் விடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எண் மாறும் வாய்ப்பு இருக்கிறது.

எந்த எர்ரருக்கு என்ன அர்த்தம்?

எர்ரர் மெசேஜை மூடிவிட்டு 'ஆக்சஸ் ஆகல' என்று மட்டும் சொன்னால் சர்வீஸ் ஆளாலும் ஒன்றும் செய்ய முடியாது. மெசேஜில்தான் பாதி விடை இருக்கிறது.

'நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தாளி நுழைவைத் தடுக்கிறது' என்று ஆங்கிலத்தில் வந்தால், மேலே சொன்ன கதைதான். (வீட்டு கம்ப்யூட்டரில் எந்த நிறுவனம் என்று குழம்ப வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டின் வாசகம் அப்படி.) 'கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர் இன்வேலிட்' என்று வந்தால் பெட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை, அல்லது அந்த வசதி ஆஃப் ஆகியிருக்கிறது.

'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்' என்றால் பிரச்னை அனுமதியில் இல்லாமலும் இருக்கலாம். பெட்டியையே கண்டுபிடிக்க முடியவில்லை. பெயருக்குப் பதிலாக எண்ணைத் தட்டிப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பெயர்க் குழப்பம் மட்டும்தான். எக்ஸ்ப்ளோரரின் 'நெட்வொர்க்' பட்டியலில் பெட்டி தெரியவில்லை என்று பயப்படவும் தேவையில்லை. அந்தப் பட்டியலின் பழைய முறை எஸ்எம்பி முதல் வடிவத்தை நம்பி இருந்தது.

பாஸ்வேர்டு தவறு என்று திரும்பத் திரும்ப வருகிறதா? இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் பேக்கப் எடுப்பவர்கள் அடிக்கடி மாட்டும் இடம் இது. தினமும் லாகின் செய்யும் 4 இலக்கப் பின் நம்பரை இங்கே போடுவார்கள். பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க்கில் அசல் பாஸ்வேர்டுதான் வேண்டும். அதோடு, கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயரில் போக முயன்றாலும் விண்டோஸ் விடாது. பழைய இணைப்பைத் துண்டித்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஃபோல்டர் திறக்கிறது, பேக்கப் மட்டும் 'ஆக்சஸ் டினைட்' என்கிறது என்றால், படிக்க அனுமதி இருக்கிறது, எழுத இல்லை. அந்தப் பயனராக உள்ளே போய் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கி, அழித்தும் பாருங்கள், தெரிந்துவிடும். விண்டோஸில் ஷேர் செய்த ஃபோல்டருக்கு ஷேர் அனுமதி, ஃபைல் அனுமதி என இரண்டு அடுக்கு உண்டு. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று வருகிறது. பழைய டைம் கேப்சூல் பயன்படுத்தும் ஏஎஃப்பி மொழியை வருங்காலப் பதிப்பில் நீக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது.

பெட்டிக்கே வசதி இல்லை என்றால்?

ரவுட்டருக்குப் பின்னால் செருகிய யுஎஸ்பி டிரைவ்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி-யின் முதல் வடிவம் மட்டுமே தெரியும். அப்டேட்டும் வராது. அந்த டிரைவைக் கழற்றி நேரடியாக கம்ப்யூட்டரில் மாட்டி பேக்கப் எடுத்து, முடிந்ததும் கழற்றி வைப்பதே மேல். செலவும் இல்லை.

இங்கே மைக்ரோசாஃப்ட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்றே தோன்றுகிறது. முன்கூட்டியே சொன்னார்கள், ஆனால் சொன்னது டெக்னிக்கல் பிளாக்கில். கடை வைத்திருப்பவர் அதை எங்கே படிப்பார்? ரவுட்டர் கம்பெனிகளோ விற்றதோடு மறந்துவிடுகின்றன. இணையத்தில் இணையும் சாதனத்துக்கு எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று வாங்கும்போதே சொல்ல வேண்டும் என பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. நம்ம ஊரில் வாங்கும் பெட்டியில் எம்ஆர்பி பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பேக்கப் நின்றால் சட்டப்படியும் சிக்கலா?

பிரைவேட் லிமிடெட் உட்பட, கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு ஆமாம். கணக்குப் புத்தகங்களை எலக்ட்ரானிக் முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவிலேயே உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்று இருந்த விதியை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் 'தினசரி' என்று மாற்றியது. மூன்று மாதம் பேக்கப் ஓடவே இல்லை என்பது ஆடிட்டின்போதுதான் தெரிந்தால் தர்மசங்கடம்தான்.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்பு விதிகளும், வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளில் பேக்கப்பைச் சேர்த்திருக்கின்றன. அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு.

பேக்கப் சரியாகிவிட்டது என்பதற்குப் பச்சை டிக் மட்டும் சாட்சி அல்ல. போன வாரத்து இன்வாய்ஸ் ஒன்றை பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பேக்கப் சாஃப்ட்வேர்களில் தோல்வியடைந்தால் மெயில் அனுப்பும் வசதி உண்டு. ஆன் செய்து, தினமும் பார்க்கும் மெயில் ஐடியைக் கொடுங்கள்.

நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து இன்னும் விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அவர்கள் விண்டோஸ் 11-க்கு மாறுவதற்கு முன்பே நாஸில் அந்தத் தனிப் பயனரை உருவாக்கி, பழைய விண்டோஸிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.