நீர்புகு நடைபாதை

மழைநீரைச் சேமித்தல் இன்றியமையாதது என்பதை இந்நாளில் மறுப்பார் எவரும் இலர். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், கூரைமேல் விழும் நீருக்குக் குழி தோண்டும் நாம், முற்றத்திலும் நடைபாதையிலும் விழும் நீருக்கு வழி வைத்தோமில்லை. ஓரங்குல மண்ணும் தோன்றாவண்ணம் சிமெண்டால் மூடுதலையே தூய்மையென்றும் நாகரிகமென்றும் எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் மாறல்வேண்டும் என்பதே யாம் ஈண்டு உரைக்க விழைவது.

சேலம், நாமக்கல் சமவெளியின் இயல்பை நோக்குக. இந்நிலத்தின் அடியில் உள்ளது கடும்பாறை. அதன்மேற் சிதைந்து கிடக்கும் படையிலும், பாறையின் வெடிப்புக்களிலுமே கிணற்றுநீர் தங்குகின்றது. மழை உட்புகுந்தாலன்றி அச்சிறு களஞ்சியம் நிரம்பாது. நகரத்திற் பெய்யும் மழையோ மூடிய தரையில் வழிந்து, சாக்கடையொடு கலந்து, திருமணிமுத்தாற்றிற் சென்று விழுகின்றது. மாரியில் வீதியெல்லாம் வெள்ளம். கோடையிற் கிணறெல்லாம் வறட்சி. இவ்விரண்டும் ஒரு பிழையின் இருமுகங்களே.

மண்ணை மண்ணாகவே விடுதல் தலையாய வழி. தளம் அமைத்தே தீரவேண்டிய இடங்கட்கு ஏற்றது நீர்புகு கான்கிரீட். சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லிகளின் இடைவெளியை மணல் அடைத்துவிடும். இதிலோ மணலை அறவே நீக்கி, அல்லது மிகக் குறைத்து, ஏறத்தாழ ஒரே அளவான ஜல்லிகளைச் சிமெண்டுக் குழம்பால் ஒன்றோடொன்று ஒட்டுவிக்கின்றனர். அதனால் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை வெற்றிடம் அமைய, அவ்வழியே நீர் கீழே இறங்குகின்றது. நன்கு அமைந்த தளம், சதுர மீட்டர் ஒன்றுக்கு நிமிடந்தோறும் 100 லிட்டருக்கு மேலும் நீரை உட்கொள்ளும். இறங்கிய நீர் சிறிது தங்கி மெல்ல ஊறும்பொருட்டு அடியிற் கற்படுகை ஒன்றும் இடுவர். மணல் வேண்டாமை காவிரிக்கும் ஓர் உதவியாம். இது நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று; மணலற்ற கான்கிரீட் 1852-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் வீடு கட்டப் பயன்பட்டது.

இது வலிமையிற் குறைந்ததன்றோ எனச் சிலர் வினவுவர். உண்மையே. இதன் அமுக்க வலிமை பெரும்பாலும் 28 மெகாபாஸ்கலைக் கடப்பதில்லை. பெருஞ்சாலைக்கு இடும் கான்கிரீட்டுக்கோ 40 வேண்டும். ஆதலின் நாமக்கல்லின் பாரலாரிகள் ஓடும் சாலைக்கு இதனை யாம் பரிந்துரைத்திலம். மக்கள் நடக்கும் பாதைக்கும், மிதிவண்டி நிறுத்தும் இடத்திற்கும் அத்துணை வலிமை எதற்கு? புழுதி புகுந்து துளைகள் அடைபடும் என்பதும் மெய்யே. காலந்தோறும் புழுதியை உறிஞ்சியெடுத்தும், நீரை விசையொடு பாய்ச்சியும் கழுவினால் அக்குறை பெரிதும் நீங்கும். கழுவுவாரை நியமியாது தளத்தை மட்டும் இடுதல் வீண்செலவே. சாயப்பட்டறைக் கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் பரவும் இடங்களில் இதனை இடுதலும் ஆகாது. ஆங்கு மழையொடு நஞ்சும் நிலத்தடி நீரிற் சேரும்.

இடமறிந்து இடுதலும், இட்டதைப் பேணுதலுமே இதன் வெற்றிக்கு வழி. நகராட்சிகள் தொடங்கட்டும் எனக் காத்திருத்தல் கற்றோர்க்கு அழகன்று. நம் கல்லூரியில் அடுத்து அமையவிருக்கும் நடைபாதை எதுவாயினும், அதில் நூறடி நீளமேனும் இவ்வாறு அமைக்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவரையும் வேண்டுகின்றோம். அதனைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பை மாணவராகிய யாம் ஏற்போம். வானம் வரையாது வழங்குவதை வாங்கிக்கொள்ள நிலம் அணியமாகவே உள்ளது. இடையில் நிற்கும் தடையை நீக்குதல் நம் கடன்.