எருவுக்கு வழி செய்த பிறகே புதிய முட்டைப் பண்ணை: மேனாம்பேட்டிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் மற்றும் மாடித்தோட்டக்காரர் சங்கம்,
மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
1. இயக்குநர், கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை
2. மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்
3. தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்
4. ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி

பொருள்: முட்டைப் பண்ணைகளுக்கு அனுமதி தரும்போதே கோழி எருவுக்கும் திட்டம் கேட்டுப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, இன்று வாரத்தில் ஐந்து நாளும் எங்கள் பிள்ளைகளின் தட்டில் இருக்கிறது. அது ஒருநாளும் குறையக் கூடாது. நாமக்கல்லிலிருந்து லாரி வரக் காத்திராமல் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலேயே முட்டைப் பண்ணைகள் பெருகினால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். அவை எப்படி வர வேண்டும் என்பதைச் சொல்லவே இம்மனு.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஈர எச்சம் இடும். 10,000 கோழிகள் இருந்தால் தினமும் ஒரு டன். கொட்டகை, கூண்டு, தீவனம், வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவர்கள், இந்த ஒரு டன்னை விவசாயிகள் வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரே வரியில் விட்டுவிடுகிறார்கள். அடைமழையில் வாங்க யார் வருவார்? கொட்டகைக்குள் தண்ணீர்க் குழாய் ஒழுகி எரு நனைந்தாலே புழு வைத்து, பத்து நாளில் ஊரெல்லாம் ஈ. அந்த எரு வாய்க்காலில் இறங்கினால் ஏரிக்குப் போகும். புழல், கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு இது தொலைவில் நடக்கும் சங்கதி அல்ல. புழல் ஏரி இந்த நகரத்தின் குடிநீர்.

சென்ற ஆடிப்பட்டத்துக்கு எங்கள் உறுப்பினர்கள் கோழி எரு மூட்டைகள் வாங்கினார்கள். மக்காத எரு என்று விற்றவர் சொல்லவில்லை. கத்தரி, மிளகாய் நாற்றுகள் சில நாளிலேயே கருகின. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் சன்னலை அடைத்தார்கள். குற்றம் எருவின் மீது இல்லை, அதை மக்கவைக்காததில்தான். அதில் தழைச்சத்து மிகுதி. கரிச்சத்து அதைப்போல் சுமார் பத்து மடங்குதான். தென்னை நார்க்கழிவோ காய்ந்த சருகோ கலந்து அதை 25, 30 மடங்காக்கிக் குவித்தால், குவியலின் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டி நோய்க்கிருமிகளை அழிக்கும். கிளறிவிட்டு ஆறவைத்தால் கையில் அள்ளலாம், நாற்றமிராது.

அந்தச் சருகு எங்கள் தெருக்களிலேயே குவிகிறது. மாநகராட்சி அள்ளும் சருகைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பாமல் பண்ணைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் முதன்மையான வேண்டுகோள். ஈர எரு நகருக்குள் வரவே வேண்டாம். சருகு ஏற்றிப் போகும் வண்டி மக்கிய எருவோடு திரும்பட்டும். அம்பத்தூர் மண்டலத்தில் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

பண்ணை அனுமதிக்கான விண்ணப்பத்தோடு எருத் திட்டமும் கட்டாயமாக இருக்க வேண்டும்: மழை படாத கூரை, சிமென்ட் தளம், மழைக்காலம் முழுவதும் சேமிக்க இடம், எடுத்துச் செல்பவரோடு எழுத்து ஒப்பந்தம். இவை இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். குடியிருப்புக்கும் புதிய பண்ணைக்கும் 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். அதை நேரில் வந்து அளந்த பிறகே கையெழுத்திடுங்கள். ஏரிகளின் நீர்வரத்துப் பகுதியில் பண்ணையே வேண்டாம்.

கோழி எச்சத்திலிருந்து சாண எரிவாயுபோல் வாயு எடுத்து, மின்சாரமாக்கும் நிலையங்களை நாமக்கல் மாவட்டம் கண்டிருக்கிறது. பெரிய பண்ணைகளுக்கு இங்கும் அந்த வழியைக் காட்டலாம். சிறு பண்ணையாளருக்கு எரு மக்கவைக்கும் பயிற்சியை, மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் வழியாகக் கட்டணமின்றித் தர வேண்டும். விற்கும் மூட்டையில் மக்கியதா, எப்போது தயாரித்தது என்று தமிழில் அச்சிட வேண்டும்.

மக்கிய எருவை எங்கள் மாடித்தோட்டங்களுக்கு விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நான்கு அலுவலகங்களும் கூடிப் பேசி, அக்கூட்டத்துக்கு எங்களையும் அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர்,
மேனாம்பேடு.