பாண்டு வேண்டாம் என்றவர்

தன் சவ ஊர்வலத்தில் பாண்டு வாசிக்கக் கூடாது என்று டேனி பார்க்கர் சொல்லியிருந்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் பார்க்கர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சாகக் கிடந்த அந்த பாண்டு வாத்தியத்துக்கே மறுபடி உயிர் கொடுத்தவர். 1994 மார்ச் 13 அன்று, 85வது வயதில் அவர் புற்றுநோயால் இறந்தபோது, அவரிடம் வாத்தியம் பிடிக்கக் கற்றவர்கள் நகரம் முழுக்க இருந்தார்கள். குருவுக்கு வாசிக்காமல் அவர்கள் எப்படி இருப்பது?

இந்தச் சிக்கல் புரிய நியூ ஆர்லியன்ஸின் சங்கங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1865ல் அடிமை முறை ஒழிந்த பிறகு அங்கிருந்த கறுப்பர்களுக்குச் சுதந்திரம் வந்தது. வைத்தியத்துக்கும் சாவுச் செலவுக்கும் வழி வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அவர்களைச் சீந்தவில்லை. எனவே தெருத் தெருவாகச் சகோதர சங்கங்கள் முளைத்தன. 1884ல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் அவற்றில் ஒன்று. மூட்டை தூக்குபவர், கொத்தனார், சமையல்காரர் என்று ஆளாளுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் சங்கத்து டாக்டர் வருவார். செத்தால் அடக்கச் செலவு சங்கத்துடையது. கூடவே ஒரு பாண்டும் உண்டு. உயிரோடு இருந்தபோது யாரும் மதிக்காத ஒரு மனிதர், கடைசி நாளிலாவது மரியாதையோடு போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்த ஊர்வலத்துக்கு ஒரு முறை இருந்தது. கல்லறைக்குப் போகும்போது சோக கீதம். டிரம்மின் நரம்பைத் தளர்த்தி ஓசையை அடக்குவார்கள். கறுப்பு உடையில் சங்கத்து ஆட்கள் மெல்ல அடியெடுத்து வைப்பார்கள். உடலை விடைகொடுத்து அனுப்பிய பிறகுதான் டிரம் முழங்கும், டிரம்பெட் துள்ளும், பின்னால் வரும் ஜனங்கள் குடையும் கைக்குட்டையும் சுழற்றி ஆடுவார்கள். முதலில் துக்கம், அப்புறம்தான் கொண்டாட்டம். இந்த வரிசை மாறக் கூடாது.

1909ல் பிறந்த பார்க்கர் இதற்குள்ளேயே வளர்ந்தவர். தாய்வழித் தாத்தா இசிடோர் பார்பரின் புகழ்பெற்ற ஆன்வர்ட் பிராஸ் பாண்டில் வாசித்தவர். மாமா பால் பார்பரின் டிரம் கலைஞர். சிறுவன் டேனி தெருப் பையன்களைச் சேர்த்து 'பூசான் கிங்ஸ்' என்று ஒரு குழுவே நடத்தினான். 1930ல் மனைவி லூவுடன் நியூயார்க் போனார். அங்கே பான்ஜோவும் கிடாரும் வாசித்துப் பெயர் எடுத்தார். 1939லிருந்து 1946 வரை கேப் காலோவேயின் பெரிய குழுவில் இருந்தார். 'புளூ லூ' என்ற பெயரில் பாடிய மனைவிக்கும் தனிப் புகழ் கிடைத்தது.

1965ல் ஊர் திரும்பியவருக்கு ஊர் அடையாளம் தெரியவில்லை. அடுத்த வருடமே, கறுப்பர்களின் ஊர்வலங்கள் கூடும் கிளெய்போர்ன் அவென்யூவின் ஓக் மரங்களை வெட்டிவிட்டு மேலே நெடுஞ்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். சங்கங்களில் ஆள் குறைந்தது. பாண்டுகளில் இருந்தவர்கள் எல்லோரும் தலை நரைத்தவர்கள். மாமா பால் பார்பரின் 1969 பிப்ரவரியில் மார்டி க்ரா ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோதே உயிரை விட்டார். இளைஞர்களுக்கு இந்த இசை, தாத்தா காலத்துச் சங்கதி.

ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாதிரியார், பையன்களுக்காக ஒரு குழு தொடங்கலாமே என்றபோது பார்க்கர் பிடித்துக்கொண்டார். 1970களின் தொடக்கம் அது. பக்கத்தில் வசித்த லெராய் ஜோன்ஸ் என்ற சிறுவன் டிரம்பெட் பழகுவான். அவன் வீட்டு கராஜே ஒத்திகைக் கூடமானது. பாட்டை மட்டும் பார்க்கர் கற்றுத் தரவில்லை. எப்படி நிற்பது, எப்படி நடப்பது, இறந்தவர் வீட்டு வாசலில் எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாமும் பாடத்தில் சேர்த்தி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விண்டன் மார்சாலிஸும் அதில் வாசித்த பொடியன்களில் ஒருவர்.

பலன் உடனே தெரிந்தது. எதிர்ப்பும் வந்தது. சின்னப் பிள்ளைகளை வைத்துத் தொழில் செய்கிறார், பெரியவர்களின் பிழைப்பைக் கெடுக்கிறார் என்று இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் புகார் போனது. பார்க்கர் ஒதுங்கிக்கொண்டார். பையன்கள் நிறுத்தவில்லை. லெராய் ஜோன்ஸ் 'ஹரிகேன்' என்ற பெயரில் குழுவைத் தொடர்ந்தார். அந்த வழியில் வந்தவர்கள் சிலர் 1977ல் 'டர்ட்டி டஜன்' பாண்டைத் தொடங்கினார்கள். தெருவெல்லாம் மறுபடி பித்தளை வாத்தியம்.

ஆனால் திரும்பி வந்த இசை, பார்க்கர் விட்டுப்போன இசையாக இல்லை. வேகம் கூடியது, ஃபங்க் கலந்தது. அதில்கூடத் தவறில்லை. சவ ஊர்வலத்துக்கும் டி-ஷர்ட்டில் வந்தார்கள். சோக கீதத்தைத் தவிர்த்து எடுத்த எடுப்பிலேயே ஆட்டத்துக்குப் போனார்கள். துக்கம் இல்லாத கொண்டாட்டம் இறந்தவருக்கு மரியாதை அல்ல என்பது பார்க்கரின் எண்ணம். அதனால்தான் தனக்கு வேண்டாம் என்றார். தான் நட்ட மரத்தின் நிழலில் உட்கார மறுப்பது போன்றது அது.

கிரெக் ஸ்டாஃபோர்ட் போன்ற கலைஞர்கள் குடும்பத்திடம் பேசினார்கள். பழைய முறை ஒன்றுகூடப் பிசகாது என்று வாக்குக் கொடுத்தார்கள். புளூ லூ சம்மதித்தார். பார்க்கருக்கும் பாண்டு வாசித்தது. முதலில் சோக கீதம், மெல்ல நடை. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஸ்டாஃபோர்டும் நண்பர்கள் இருவரும் 1990களில் 'பிளாக் மென் ஆஃப் லேபர்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரே சொல்வதுபோல், உழைக்கும் கறுப்பு ஆண்களின் சங்கம். பழைய பாணி இசையோடு தொழிலாளர் தினத்தையொட்டி ஊர்வலம் போவது அவர்கள் வழக்கம். பார்க்கர் என்ன வேண்டும் என்று கேட்டாரோ அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. வேண்டாம் என்று அவர் அழுத்தமாகச் சொன்னதால்தான், எது வேண்டும் என்பது மற்றவர்களுக்குப் புரிந்தது.